உப்புக் காற்றில் ஹார்ட் டிஸ்க்: நம் கரையில் போட்டோக்களைக் காப்பது எப்படி

கடலோர வீடுகளில் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் கெடுவது பல நேரம் அதன் யுஎஸ்பி வாயிலிருந்துதான் தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் ராமநாதபுரம் கரையில், பாம்பனிலும் மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் இரவும் விடியலும் ஈரம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் காற்றோடு வந்து படிந்த உப்புத்தூள் இரவில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது, காலையில் காய்கிறது, மறுநாள் இரவு மறுபடி நனைகிறது. யுஎஸ்பி வாயின் உள்ளே தொடுமுனைகளின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. சொருகிச் சொருகி எடுத்ததில் அது தேய்ந்த இடத்தில் அடியிலிருக்கும் உலோகம் வெளியே வரும், அங்கே பச்சை பிடிக்கும். பிறகு டிஸ்க் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. கேபிளை ஆட்டினால் மறுபடி வரும். அப்படி ஆட்டி ஆட்டி வேலை வாங்கும்போது, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்துபோகும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் தனக்குள் வைத்திருக்கும் அட்டவணையும் சிதையும். ஒருநாள் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கணினி கேட்கும்.

அந்தக் கேள்விக்கு ஒருபோதும் சரி என்று அழுத்த வேண்டாம். பெரும்பாலான சமயங்களில் உள்ளே படங்கள் அப்படியே இருக்கும், அட்டவணைதான் போயிருக்கும். டிஸ்க்கைப் பிடுங்கி, வேறு கேபிளில், வேறு கணினியில் ஒருமுறை பாருங்கள். தெரிந்துவிட்டால், அன்றைக்கே வேறு டிஸ்க்குக்குப் படங்களை எடுத்துவிடுங்கள். இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் மீட்பைப் பற்றிப் பேசுவதை விட, மீட்க வேண்டிய நிலையே வராமல் பார்ப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதன்மையாக இரண்டு: ஒரு காப்பியாவது கடற்கரையை விட்டு உள்ளே போக வேண்டும், ஒரு காப்பியாவது எதிலும் சொருகாமல் தனியாகக் கிடக்க வேண்டும்.

எது காப்பி, எது காப்பி இல்லை

'போனில் இடம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டுவிட்டேன்' என்று சொல்பவர்கள் தங்களிடம் பேக்கப் இருப்பதாக நம்புகிறார்கள். போனிலிருந்து அழித்த அந்த நிமிடம், டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. இடம் மாறியிருக்கிறது, எண்ணிக்கை கூடவில்லை. இது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இழப்புகளில் பாதி இதில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்தது கூகுள் போட்டோஸ். அது மிக நல்ல கருவி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது போனோடு ஒத்திசைந்து நடக்கும் பொருள். அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், மேகத்திலும் (கிளவுட் எனும் இணையச் சேமிப்பிலும்) போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு இல்லை. குழந்தை கையில் போனைக் கொடுத்து, அது ஐம்பது படத்தை அழித்துவிட்டு, யாரும் மூன்று மாதம் கவனிக்காமல் போனால் கதை முடிந்தது. இடம் வேண்டுமென்றால் அந்தச் செயலியிலேயே உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' மட்டும் போதும். அது மேகத்தில் ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்துவது வேறு காரியம். இந்த வித்தியாசத்தை வீட்டில் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும், குறிப்பாக அம்மாக்களுக்கு, உட்கார வைத்துக் காட்ட வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடம் என்பது பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய கணக்கு. நமக்கு அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: போனிலோ கணினியிலோ ஒன்று, வீட்டு பீரோவில் டிஸ்க்கில் ஒன்று, ஊருக்குள் அல்லாத இடத்தில் ஒன்று. மேகம் இருந்தால் அது நாலாவது. அதை மூன்றில் ஒன்றாக எண்ணுவதை விட மேலதிகமாக வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கரையிலிருந்து எவ்வளவு தூரம்

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடி போனபோது வீடும் பீரோவும் பெட்டியும் சேர்ந்துதான் போனது. அப்படியொரு புயலை நினைத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்றில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி புயல், மன்னார் வளைகுடாவில் நம் கரையை ஒட்டி வந்து அசையாமல் நின்றது. பெயர் வைக்காத மழைக்கே வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறும் தெருக்கள் எத்தனை. பக்கத்து வீட்டில் இன்னொரு டிஸ்க் வைப்பதால் பயன் குறைவு. அந்தத் தண்ணீர் அங்கேயும் ஏறும். தங்கச்சிமடத்துக் காப்பியை ராமேஸ்வரத்தில் வைப்பதும் ஏறக்குறைய அதே கணக்குதான். இரண்டும் ஒரே தீவு.

இந்த விஷயத்தில் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் ஏற்கெனவே சிதறித்தான் வாழ்கிறோம். கீழக்கரையில் உம்மா இருந்தால் காக்கா (அண்ணன்) துபாயில், லாத்தா (அக்கா) சென்னையில். மண்டபத்துக்காரர் வீட்டு அக்கா பரமக்குடியிலோ மதுரையிலோ கட்டிக்கொடுத்த இடத்தில். பெரியபட்டினத்துச் சபுராளி (வெளிநாட்டில் சம்பாதிப்பவர்) விடுமுறைக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இடம் ஒதுக்குகிறார். 150 முதல் 250 கிராம் எடையுள்ள ஒரு டிஸ்க்குக்கும் இடம் இருக்கும். விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்க வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் அல்ல. பெட்டியைத் தூக்கி வீசுவார்கள்.

முறை எளிது. ஒரே அளவில் இரண்டு டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரில். ஒவ்வொரு முறை அக்கா ஊருக்கு வரும்போதும் அவர் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டு, புதிதாக நிரப்பிய வீட்டு டிஸ்க்கைக் கொடுத்தனுப்புவது. மாறி மாறிப் போகும். பொங்கலுக்கோ பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாறினால், மிக மோசமான நாளிலும் ஆறு மாதப் படங்களுக்கு மேல் போகாது. அந்த ஆறு மாதத்துக்கு மேகம் இருக்கும்.

வெளியே போகும் டிஸ்க்கில் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றனவே என்ற தயக்கம் நியாயமானது. கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பலாம். விண்டோஸ் ப்ரோ இருந்தால் பிட்லாக்கர், இல்லையென்றால் இலவச வெராகிரிப்ட். கடவுச்சொல்லும், பிட்லாக்கர் என்றால் அது தரும் மீட்பு எண்ணும், தொலைந்தால் உலகில் யாராலும் திறக்க முடியாது என்பதை முழுதாக உணர்ந்து செய்யுங்கள். கடவுச்சொல்லை எழுதிய தாள் டிஸ்க்கோடு போகக்கூடாது, ஒரே ஒருவர் மனதிலும் இருக்கக்கூடாது. குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைத்திருப்பவர் கூடப்பிறந்தவர், நம்பிக்கையான வீடு என்றால் பூட்டாமலே அனுப்பலாம் என்பதே என் பரிந்துரை; மறந்துபோன கடவுச்சொல்லும் ஒரு வகை இழப்புதான்.

எவ்வளவு இடம், எந்தச் சாதனம்

12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று ஏறத்தாழ 3 முதல் 5 எம்பி. 20,000 படம் என்றால் 80 ஜிபி அளவில். வீடியோதான் இடத்தை விழுங்கும்: பழைய வடிவத்தில் 1080 தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி, 4கே என்றால் 350 எம்பி. புதிய ஹெச்இவிசி வடிவத்தில் அதில் பாதி. பத்து மணி நேரம் 1080 வீடியோ இன்னொரு 80 ஜிபி. ஆக ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு 1 டெராபைட் பல வருடம் வரும். 2 டெராபைட் வாங்கினால் கவலையில்லை. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலில் இரண்டு வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் தயாரானவை ஒரே குறையோடு வரக்கூடும்.

பீரோவில் மாதக்கணக்கில் கிடக்கும் காப்பிக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் ஏற்றது. எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத டிஸ்க்), பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாம் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்துத்தான் தகவலைக் காக்கின்றன. மின்சாரம் தராமல் வைத்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடக் கூட வேகமாகக் கசியும். தேய்மான எல்லையை எட்டிய வீட்டு உபயோக எஸ்எஸ்டி, 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் தர அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும், உண்மை. ஆனால் சித்திரை, வைகாசியில் ஓட்டுவீட்டு பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? எஸ்எஸ்டியைப் பயணத்துக்கும், போனிலிருந்து படம் வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தாலும் தாங்கும். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் போய்விடலாம்.

பென்டிரைவ் வாங்கும்போது ஒன்று. சில நூறு ரூபாய்க்கு '1 டிபி', '2 டிபி' என்று விற்பது போலி. உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். கணினியிடம் மட்டும் பெரிய எண்ணைப் பொய்யாகச் சொல்லும். எழுதும்போது பிழை வராது, கோப்புப் பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் காலி. எந்தப் புதிய கார்டையும் பென்டிரைவையும் படம் ஏற்றுமுன் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற சிறிய இலவச நிரலில் ஒருமுறை முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். 64 ஜிபிக்கு எழுதவே ஒரு மணி நேரம் பிடிக்கலாம், படித்துச் சரிபார்க்க இன்னும் கொஞ்சம். பொறுத்திருப்பதில் நஷ்டமில்லை.

காப்பி எடுக்கும் வேலை

ஆண்ட்ராய்டு போனைக் கணினியில் சொருகியதும் அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். டிசிஐஎம் கோப்புறைக்குள் கேமரா. 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும். பல்லாயிரம் படங்களை ஒரே மூச்சில் இழுத்தால் இந்த இணைப்பு பாதியில் தொங்கிப்போகும். ஐந்நூறு, ஐந்நூறாக எடுப்பது மெதுவாகத் தெரிந்தாலும் சீக்கிரம் முடியும். ஐபோனில் 'சாதனம் இயங்கவில்லை' என்று பிழை வந்து நின்றால், போனில் செட்டிங்ஸ் போய், போட்டோஸ் பகுதியின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வையுங்கள். போன் ஒவ்வொரு படத்தையும் வழியிலேயே ஜேபெக்காக மாற்ற முயல்வதால்தான் அந்தப் பிழை.

கணினியே இல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். டைப்-சி எஸ்எஸ்டியையோ ஓடிஜி பென்டிரைவையோ போனில் நேராகச் சொருகி, போனின் 'ஃபைல்ஸ்' செயலியிலிருந்தே காப்பி செய்யலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைப் போனில் சொருகினால் பல போன்கள் தரும் மின்சாரம் அதைச் சுழற்றப் போதாது. டிக், டிக் என்று முனகி நிற்கும். அப்போது டிஸ்க் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வேண்டும். அதே டிக் டிக் சத்தம் கணினியில் சொருகியும் வந்தால் அது வேறு: உள்ளே ஊசி தட்டுகிறது. உடனே பிடுங்குங்கள், திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஏற்றிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே வைரஸ் ஒட்டும் என்பது ஒன்று. குடும்பப் படங்கள் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும் என்பது அதைவிடப் பெரியது. படித்த பிள்ளை வைத்திருக்கும் லேப்டாப்பைக் கடன் கேளுங்கள்.

டிஸ்க்கில் கோப்புறைப் பெயரை வருடம், மாதம், நிகழ்ச்சி என்று வைத்தால் தானாக வரிசையில் நிற்கும்: '2024-05 காதுகுத்து', '2024-11 மழை வெள்ளம்'. எண் முன்னால் இருப்பது முக்கியம். சில பழைய டிவிகளும் பழைய நிரல்களும் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும், அப்போதும் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

முடிந்ததும் இரண்டு பக்கக் கோப்புறையிலும் வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். கோப்பு எண்ணிக்கையும் பைட் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் டெராகாப்பி என்ற நிரலில் 'வெரிஃபை' வைத்து எடுங்கள். அது எழுதியதை மறுபடி படித்து ஒப்பிடும். பிறகு டிஸ்க்கை 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கணினியும் போனும் இரண்டுமே படிக்க வேண்டும் என்று நாம் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வைத்திருந்தால் இது இரட்டிப்பு முக்கியம். பாதியில் பிடுங்கினால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் பதிவேடு அந்த வடிவத்தில் கிடையாது. மேசைக் கணினியில் யுபிஎஸ் இல்லாமல் காப்பி ஓடவிடுவதும், கரண்ட் போய்ப் போய் வரும் ஐப்பசி மாதத்தில், அதே ஆபத்துதான். லேப்டாப்பில் எடுப்பது உத்தமம்.

வழக்கமாகச் செய்பவர்கள், இரண்டு கோப்புறைகளை ஒப்பிட்டு ஒத்திசைக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் நிரலை வைத்துக்கொள்ளலாம். அதில் 'மிரர்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தப் பக்கம் அழிந்தது அந்தப் பக்கமும் அழியும், இந்தப் பக்கம் கெட்டுப்போன படம் அந்தப் பக்கத்து நல்ல படத்தின் மேல் எழுதப்படும். 'அப்டேட்' வைத்து, அழிபவற்றை 'வெர்ஷனிங்' கோப்புறைக்கு நகர்த்தும்படி அமைத்தால் பழையது பிழைக்கும்.

வேலை முடிந்த டிஸ்க் கணினியிலேயே சொருகிக் கிடக்கக் கூடாது. எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சொருகியிருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டும். 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் அழைக்கப்படும் வகை, திருட்டுப் பதிப்பு நிரல்கள் வழியாகவே வீட்டுக் கணினிகளுக்குள் நிறைய நுழைந்தது. ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும்: கிராக் செய்த எடிட்டிங் மென்பொருள் உள்ள கணினியில் ஊரின் கல்யாணங்கள் எல்லாம் ஒரே டிஸ்க்கில் கிடக்கின்றன.

டப்பா

லென்ஸில் பங்கஸ் பிடிக்கும் என்று பயந்து ஸ்டுடியோக்காரர்கள் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கிறார்களே, டிஸ்க்குக்கும் அதுவேதான் வைத்தியம். ரப்பர் வளையத்தோடு நாலு பக்கமும் பூட்டு விழும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். நிறம் மாறும் ஆரஞ்சு வகை ஜெல் வாங்குங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறிக் காட்டும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். ஈரம் குடித்த ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும். அரிசி போடுவது பயன்படாது, தூசிதான் மிஞ்சும்.

டிஸ்க்கின் மூடியில் ஒரு ஊசித்துளை இருக்கும், காற்றழுத்தம் சமப்படுத்த. அதன்மேல் டேப் ஒட்டாதீர்கள். கேபிளையும் அதே டப்பாவில் வையுங்கள். அகலமான தட்டை முனை உள்ள பழைய மைக்ரோ-பி கேபிள்கள் சீக்கிரம் லூசாகும். ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது, ஏனென்றால் பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும். வாய் போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட முடியாது. பச்சை பிடித்தது தெரிந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே சொருகுங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த டிஸ்க்கை உடனே ஓட்டாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் நம் ஊர்க் காற்று வியர்த்து நிற்கும். மூடிய டப்பாவுக்குள்ளேயே ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு திறக்கலாம். பீரோவின் மேல்தட்டு, கடலைப் பார்க்காத சுவர்ப் பக்கம். தரையோ கட்டிலடியோ வேண்டாம்.

மேகமும் வாட்ஸ்அப்பும்

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவச இடம் கிடையாது. 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்வது. ஐகிளவுடில் 5 ஜிபி. நிறைந்ததும் ஏறுவது நின்றுவிடும். ஒரு சின்ன அறிவிப்பு வரும், யாரும் பார்க்க மாட்டார்கள், ஒரு வருடம் போகும். அதனால் மாதம் ஒருமுறை செயலியைத் திறந்து 'பேக்கப் கம்ப்ளீட்' என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஏறுவதையே கொன்றுவிடும். பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள்.

50 ஜிபி படங்களை ஏற்ற, நொடிக்கு 5 மெகாபிட் ஏறும் வேகத்தில் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா திட்டத்தில் முழுதையும் இதற்கே செலவழித்தாலும் ஒரு மாதம் தாண்டும். ஃபைபர் வைத்திருக்கும் உறவினர் வீட்டில் இரண்டு இரவு போனைச் சார்ஜில் போட்டு வைப்பதுதான் நடைமுறை.

கேமரா கோப்புறை மட்டும்தான் இயல்பாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தவை ஏறாது. 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்பதில் போய் இயக்க வேண்டும். நம் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. துபாயிலிருந்து வந்த பேரனின் முதல் படம், இறந்துபோன தாத்தா பேசின குரல், எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, எப்போது எங்கே எடுத்தது என்ற உள்குறிப்பையும் நீக்கிவிடுகிறது. கோப்புப் பெயரில் இருக்கும் தேதி எடுத்த நாளல்ல, வந்த நாள். முக்கியமான படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். குரல் செய்திகள் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற தனிக் கோப்புறையில் கிடக்கும். டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கும்போது அதையும் எடுங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

கூகுள் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டால், அதையும் உள்ளே இருப்பதையும் அழிக்கக் கூகுளுக்கு உரிமை உண்டு. வெளிநாடு போனவர் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் பறிபோனால், அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி இல்லாமல் கணக்குக்குள் நுழைவதே பாடு. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பத்து 'பேக்கப் கோட்' எடுக்கலாம். அதைத் தாளில் அச்சிட்டு வெளியூர்க் காப்பி இருக்கும் வீட்டில் கொடுத்து வையுங்கள். 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்பதில், நாம் இல்லாமல் போனால் யாருக்கு இது சேர வேண்டும் என்று பத்து பேர் வரை குறிக்கலாம். ஐபோனில் 'லெகசி கான்டாக்ட்'. கடலுக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. போனின் பூட்டு எண் யாருக்கும் தெரியாமல் போய், உள்ளே இருக்கும் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பது தாங்க முடியாத வேதனை.

கல்யாண டிவிடி

பீரோவில் இருக்கும் பழைய கல்யாண டிவிடிகளை இந்த மாதமே டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். எழுதும் டிவிடி சாயத்தில்தான் தகவலை வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை அழிக்கும், ஓரத்திலிருந்து உலோகப் படலமும் உரியும். 'வீடியோ டிஎஸ்' கோப்புறையை அப்படியே முழுதாகக் காப்பி செய்தால் போதும், ஒன்று 4.7 ஜிபிக்குள் அடங்கும். ஒரு டிரைவில் படிக்காவிட்டால் இன்னொரு டிரைவில் படிக்கும், மூன்று இடத்தில் முயலாமல் தூக்கி எறிய வேண்டாம்.

புதுக் கல்யாணத்துக்கு: ஸ்டுடியோ எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, இரண்டு நாள் என்றால் அவர்களாலும் எல்லாவற்றையும் காலம் முழுக்க வைத்திருக்க முடியாது. ஆல்பம் வந்ததும் உங்கள் டிஸ்க்கைக் கொடுத்து, அசல் படங்கள், ஆல்பம் தாள்கள், முழு வீடியோ மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது பார்ப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகுக்காரர் வீட்டில் இருக்கும் காலம். அப்போது ஒருமுறை. வாடை தொடங்குமுன் புரட்டாசியில் ஒருமுறை. டிஸ்க்கைச் சொருகி, அதன் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் பாருங்கள். கெட்டுப்போன இடங்களை எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளும் 'ரா வேல்யூஸ்' கட்டத்தில் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறினால் டிஸ்க் தளர ஆரம்பித்துவிட்டது, மாற்றுங்கள். சி7 மட்டும் ஏறினால் கோளாறு தகட்டில் அல்ல, இணைப்பில்தான், அது நம் உப்புக்காற்றின் வேலையாக இருக்கலாம். பிறகு வெவ்வேறு வருடத்திலிருந்து பத்துப் படத்தையும் இரண்டு வீடியோவையும் திறந்து பாருங்கள். பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக நிற்கும் படம் முழுதாக எழுதப்படாதது. மற்றக் காப்பியிலிருந்து அன்றே மாற்றிவிடுங்கள். ஐந்து வருடமான டிஸ்க் நன்றாக ஓடினாலும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதை மேலதிகக் காப்பியாக வைத்துக்கொள்ளலாம்.

நனைந்துவிட்டால்

போன் கடலில் விழுந்தால் உடனே அணையுங்கள், சார்ஜில் போடாதீர்கள். மின்சாரம் பட்டால் உப்புநீர் பலகையை இன்னும் வேகமாக அரிக்கும். சிம் தட்டையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். கார்டை நல்ல தண்ணீரில் அலசி ஒருநாள் நிழலில் காயவைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். போனை அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோய், கடல்நீர் என்று சொல்லுங்கள். இப்போதைய போன்களில் சேமிப்புச் சில்லில் உள்ளது பிராசஸரோடு பிணைத்துப் பூட்டியிருக்கும், சில்லை மட்டும் கழற்றிப் படிக்க வழியில்லை. பலகையை உயிர்ப்பிப்பதுதான் ஒரே வழி, அதற்கு மணிநேரங்கள்தான் இருக்கின்றன.

மெமரி கார்டில் தவறி அழித்ததை மீட்க ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் உதவும். நிபந்தனை, அழித்த பிறகு அந்தக் கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக எடுத்திருக்கக் கூடாது. போனின் உள்நினைவகத்தில் அழித்ததற்கு இந்த வழி இல்லை.

ஹார்ட் டிஸ்க் வெள்ளத்தில் நனைந்தால், நம் கை போகும் முதல் வேலை அதை வெயிலில் காயவைப்பது. செய்யாதீர்கள். காய்ந்தால் உப்பும் சேறும் உள்ளே தகட்டின்மேல் படிந்து இறுகிவிடும், பிறகு ஓட்டினால் ஊசி அதில் உரசிக் கீறும். மின்சாரம் தராமல், ஈரத்தோடே ஜிப் பையில் போட்டு மூடி, தூசியில்லாத தூய அறை வசதி உள்ள மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். கடல்நீரா மழைநீரா, எத்தனை மணி நேரம் கிடந்தது, நனைந்த பிறகு யாராவது சொருகிப் பார்த்தார்களா என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். சொருகிப் பார்த்திருந்தால் மறைக்காமல் அதையும் எழுதுங்கள். எங்கிருந்து வேலையை ஆரம்பிப்பது என்று அவர்கள் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.